ஒன் ஸ்லைடு பேக், ப்ளீஸ்

மூன்றாவது வரிசை, நடைவழியை ஒட்டிய நாற்காலி. அவருக்கு அதுதான் இடம். முதல் வரிசையில் உட்கார்ந்தால் மேடைக்காரர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், கண் அசர முடியாது. பின்வரிசை என்றால் ஜூம் எட்டாது. திரையில் எழுத்து விழுந்ததும் வலது கை உயரும், கையில் போன் இருக்கும். ஒரு கிளிக். அடுத்த ஸ்லைடு, அடுத்த கிளிக். பேச்சாளர் அவசரக்காரராக இருந்து, படம் தெளிவதற்குள் ஸ்லைடை நகர்த்திவிட்டால் அரங்கமே திரும்பிப் பார்க்கும்: "ஒன் ஸ்லைடு பேக், ப்ளீஸ்!"

ஐசியூ டாக்டர்கள் கூடுகிற எந்த மாநாட்டிலும் இவர் உண்டு. கோவாவில் பார்த்திருப்பீர்கள், கொச்சியில் பார்த்திருப்பீர்கள், மகாபலிபுரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஃபே வரிசையில் நின்றிருப்பார். எனக்கு அவர் கொல்கத்தாவின் நியூ டவுனுக்கே வந்து வாய்க்கிறார். நான் பிழைப்புக்கு ஒதுங்கிய ஊர் இது. ஊரில் அவரிடம் ஜூனியராக இருந்த பாவமும் உண்டு. "தம்பி, உங்க ஊருக்குத்தான் வர்றேன்" என்று போன் வந்தால், விமான நிலையத்துக்குக் கார், அண்ணிக்குத் தாந்த் புடவை, லேக் மார்க்கெட் பக்கம் ஒரு வேளை இட்லி ஆகிய மூன்றும் என் பொறுப்பு என்று அர்த்தம்.

இந்த முறை ராஜர்ஹாட் பக்கம் தென்னையும் குளமுமாக இருக்கிற ஒரு ரிசார்ட். வெப்பமண்டலச் சோலையில் தீவிர சிகிச்சைத் தொடர்கல்வி என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். கடக ரேகை இங்கிருந்து வடக்கே கிருஷ்ணாநகர் பக்கமாகப் போகிறது. அதாவது கொல்கத்தா வெப்பமண்டலத்துக்குள் ஒண்டிக் குடித்தனம் வந்த ஊர். வருஷம் பூராவும் தென்மாவட்ட வெயிலில் வேகிறவர், வெப்பமண்டலம் எப்படி இருக்கும் என்று பார்க்க வடக்கே வந்திருந்தார். அதுவும் ஜனவரியில். குரங்குக் குல்லாய் மாட்டிய வங்காளிகள் நடுவே, பூப்போட்ட அரைக்கைச் சட்டையில் நடுங்கிக்கொண்டு நின்றார். போனைப் பிடித்த கை மட்டும் நடுங்கவில்லை.

அந்தப் போனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் துறையில் பேச்சு பெரும்பாலும் 1952-ல், கோபன்ஹேகனில் தொடங்கும். போலியோ பரவி, மூச்சுவிட முடியாமல் கிடந்தவர்களுக்கு மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளைபோட்டுக் குழாய் வைத்தார். மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு, இரவும் பகலும் கையால் பையை அழுத்தி மூச்சு கொடுத்தார்கள். ஐசியூ பிறந்த கதை அது. கிளிக். அடுத்து, நுரையீரல் வீங்கிப்போனவருக்கு வென்டிலேட்டர் எவ்வளவு காற்று தள்ள வேண்டும் என்ற 2000-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு. உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லி தள்ளியவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லி தள்ளியவர்களில் 31 சதவீதம். 861 நோயாளிகள். கிளிக்.

இந்த 6 மில்லி ஸ்லைடு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. போன மாநாட்டில் எடுத்தார், அதற்கு முந்தின மாநாட்டிலும் எடுத்தார். ஸ்லைடு ஒன்றுதான், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் வழுக்கை மட்டும் மாநாட்டுக்கு மாநாடு வேறு. ஒரு படத்தில் 39.8 தெரியும், 31 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பேராசிரியரின் உச்சந்தலை பளபளக்கும். இன்னொன்றில் 31 தெரியும், எதில் 31 என்பதை ஒரு கொண்டை மறைத்திருக்கும். எல்லாவற்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் ஆய்வு முழுசாகக் கிடைத்துவிடலாம். அடுக்கிப் பார்த்ததில்லை. எடுத்த படத்தை அவர் மறுபடி பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

போனுக்கும் வயிறு என்று ஒன்று உண்டல்லவா? இரண்டாம் நாள் காலை அது நிரம்பிவிட்டது. காபி இடைவேளையில் ஒரு தென்னைமரத்தடியில் நின்று, மகளின் பள்ளி ஆண்டுவிழாவைத் தள்ளித் தள்ளி அழித்துக்கொண்டிருந்தார். "வீட்டுல இன்னொரு காப்பி இருக்கும் தம்பி" என்றார். இருக்குமா என்று அண்ணியிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெண் குழந்தை பரதநாட்டிய உடையில் இருந்த இடத்தில் நோரெபிநெஃப்ரின் ஸ்லைடு குடியேறியது.

ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் தொடங்கும். 'ஐசியூ நண்பர்கள்' குழுவில் 'குட் லேர்னிங் பாயின்ட்ஸ்' என்று படங்கள் மழையாக இறங்கும். சாய்வாக, மங்கலாக, பாதித் திரையும் மீதித் திரைச்சீலையுமாக. கீழே உடனே இருபது கும்பிடு. யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதற்கு என்னிடம் ஆதாரம் உண்டு. நடுவில் தவறிப்போய்ப் புடவைக் கடையில் எடுத்த, அண்ணிக்கு அனுப்பவேண்டிய விலைச்சீட்டுப் படம் ஒன்று விழுந்துவிட்டது. அதற்கும் 'வெரி யூஸ்ஃபுல் சார்' என்று பதில் வந்தது.

உண்மையான வேதனை ஊர் திரும்பிய பிறகு, ரவுண்ட்ஸில். அவரிடம் நான் வேலை பார்த்த காலத்தில் தினமும் நடந்தது. வென்டிலேட்டரில் ஒருவர் கிடப்பார், ஆக்ஸிஜன் இறங்கிக்கொண்டிருக்கும். சார் பையிலிருந்து போனை எடுப்பார். "இருங்க, அந்த ஸ்லைடு என்கிட்ட இருக்கு." விரல் தள்ளத் தொடங்கும். நாங்கள் நிற்போம். கோவா வரும், மீன் வறுவல் வரும், யாரோ ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரின் தோளில் கை போட்ட செல்ஃபி வரும். இப்போது இதில் நியூ டவுனும் சேர்ந்திருக்கும்: விஸ்வ பங்ளா கேட், ஈக்கோ பார்க்கின் ஏழு அதிசயங்கள், பிரமிடுக்கு முன்னால் சார், பெட்ராவுக்கு முன்னால் சார், கொலோசியத்துக்கு முன்னால் நொலேன் குர் சந்தேஷ் தின்னும் சார். "வந்துரும், வந்துரும்" என்பார்.

அதற்குள் சிஸ்டர் வேலையை முடித்திருப்பார். எங்கள் சிஸ்டர் அரைத்தாளில் ஓர் அட்டவணை எழுதி, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, வென்டிலேட்டரின் நெற்றியிலேயே பிளாஸ்திரி போட்டு வைத்திருந்தார். நோயாளியின் உயரம் ஒரு பக்கம், தள்ள வேண்டிய காற்று மறுபக்கம். 165 சென்டிமீட்டர் ஆண் என்றால் ஏறக்குறைய 370 மில்லி. தையல்காரரின் இஞ்ச் டேப் ஒன்றை எப்போதும் கழுத்தில் மாட்டியிருப்பார். சார் கொலோசியத்தைத் தாண்டுவதற்குள் ஆளை அளந்து, எந்திரத்தைத் திருப்பி, தலைமாட்டை 30 டிகிரி உயர்த்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்.

நியூ டவுனில் ஒரே ஒரு ஸ்லைடுக்கு மட்டும் சாரின் கை உயரவில்லை. உள்ளூர் டாக்டர் ஒருவர் திலீப் மகலனாபிஸைப் பற்றிச் சொன்னார். 1971-ல், வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் வனகாவ் முகாமில் காலராவில் மடிந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊர் இங்கிருந்து காரில் போய்வருகிற தூரம்தான். சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் அவர் உப்பையும் குளுக்கோஸையும் சோடாவையும் தண்ணீரில் கரைத்து, சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஸ்லைடில் கிராஃப் இல்லை, அம்புக்குறி இல்லை, பின்புலத்தில் நீல நிறம்கூட இல்லை. உப்பும் சர்க்கரையும் மட்டும் இருந்தன. சார் போனை மடியில் வைத்துக்கொண்டு, மதியம் இலிஷ் உண்டா என்று என் காதில் கேட்டார்.

ரிசார்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு விதியும் தயாராக இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைப்படி டாக்டர்கள் ஐந்து வருஷத்தில் 30 மணி நேரமாவது தொடர்கல்வி கற்க வேண்டும். கடலோரத்தில் கற்க வேண்டும் என்று அதில் இல்லை, கூடாது என்றும் இல்லை. மருந்துக் கம்பெனியிடம் பரிசும் பயணமும் வாங்கக் கூடாது என்று 2009 டிசம்பரில் சேர்த்தார்கள். டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களைக் கம்பெனிகள் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 மார்ச்சில் மத்திய அரசின் நடத்தை விதி வந்தது. கம்பெனிகள் வெளிநாட்டில் தொடர்கல்வி நடத்தக் கூடாது, டிக்கெட்டும் ஓட்டல் அறையும் தரக் கூடாது, பேச்சாளர்களுக்கு மட்டும் விலக்கு. அதிலிருந்து பார்க்கிறேன், எங்கள் துறையில் கேட்பவர்கள் குறைந்து பேச்சாளர்கள் பெருகிவிட்டார்கள். சாருக்கும் எட்டு நிமிஷம் கிடைத்தது. அவர் பேசிய எட்டு நிமிஷமும் கீழே ஒரு கை உயர்ந்தே இருந்தது. ஆந்திராவிலிருந்து வந்த இன்னொரு மூன்றாம் வரிசைக்காரர். சாருக்குப் பெருமை தாங்கவில்லை. கேட்காமலேயே ஒரு ஸ்லைடு பின்னால் போய்க் காட்டினார்.

இவ்வளவு எரிச்சலோடு எழுதுகிறேனே, அன்று ராத்திரி நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ரசம் சாப்பிட வந்திருந்தார். இரண்டாம் கைச் சோற்றில் போன் அடித்தது. ஊரிலிருந்து, ட்யூட்டி டாக்டர். பூச்சிமருந்து குடித்த ஒரு பையனைத் தூக்கி வந்திருக்கிறார்கள், வாயில் நுரை, நெஞ்செல்லாம் தண்ணீர்ச் சத்தம்.

"அட்ரோபின் எவ்வளவு போட்ட? பத்தாது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா அதை இரட்டிச்சிக்கிட்டே போ. கண்ணு விரிஞ்சிருச்சேன்னு நிறுத்தாத, கண்ணைப் பார்க்காத, நெஞ்சைக் கேளு. சத்தம் போற வரைக்கும் போடு. சிஸ்டர்கிட்ட போனைக் குடு. அம்மா, துணியைக் கழட்டி உடம்பு, தலையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவியாச்சா? கிளவுஸ் போட்டுக்கிட்டீங்களா? சரி, போனை வைக்காதீங்க."

கையில் சோறு காய்ந்துபோயிற்று. முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தார். எந்தப் படத்தையும் தேடவில்லை. எல்லாம் மனசில் இருந்தது, இருபது வருஷமாக ராத்திரிகளில் கற்றுக்கொண்டது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பது இவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததல்ல. வங்கதேசத்தின் சிட்டகாங்கில் ஒப்பிட்டுப் பார்த்து 2012-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பழைய முறையில் கொடுத்தவர்களில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள், வேகமாக இரட்டித்தவர்களில் 8 சதவீதம். இவர் அந்தக் கட்டுரையைப் படித்தாரா, நோயாளிகளிடம் படித்தாரா என்று நான் கேட்கவில்லை. பையன் பிழைத்தான்.

மறுநாள்தான் எனக்குக் கோபம் வந்தது, சார் மேல் அல்ல. நிகழ்ச்சி நிரலில் பூச்சிமருந்து எங்கே என்று தேடினேன். கடைசி நாள், கடைசி அமர்வு, பக்கத்துச் சின்ன அறை, பாம்புக்கடியையும் ஸ்க்ரப் டைஃபஸையும் சேர்த்து இருபது நிமிஷம். நாற்காலிக்கு ஒன்றாக ஆட்கள் அல்ல, பெட்டிகள் இருந்தன. எல்லாருக்கும் ஃபிளைட். அதே நேரம் பெரிய அரங்கில் எக்மோ: ரத்தத்தை வெளியே இழுத்து ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எந்திரம். சாரின் ஆஸ்பத்திரியில் எக்மோ கிடையாது, வரப்போவதும் இல்லை. அவர் போனில் எக்மோ நிறைய இருக்கிறது. எங்கள் ஊர் ஐசியூக்களுக்கு வருகிற நோயை ஓரத்தில் வைத்துவிட்டு, வராத எந்திரத்தை மேடையில் ஏற்றினால், எடுத்த படத்தை யார் மறுபடி திறந்து பார்ப்பார்கள்?

இன்னொன்று. அத்தனை பெரிய அரங்கில் கழுத்தில் இஞ்ச் டேப் மாட்டுகிற ஆட்களை நான் பார்க்கவில்லை. நோயாளியைப் புரட்டிப் போடுவது, சளி உறிஞ்சுவது, ராத்திரி மூன்று மணிக்கு எண் இறங்குவதை முதலில் பார்ப்பது எல்லாம் சிஸ்டர்கள். தொடர்கல்வி என்று வரும்போது அவர்களுக்குக் கிடைப்பது ஊரிலேயே ஒரு மத்தியானம், ஒரு பிஸ்கட் பாக்கெட்.

ஆகவே அமைப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். பதிவுக் கட்டணத்தோடு ஸ்லைடுகள் அத்தனையையும் பிடிஎஃப்பாகக் கொடுத்துவிடுங்கள். சாருக்குக் கை வலிக்காது, அந்தப் பெண் குழந்தையின் நடனமும் பிழைக்கும். பூச்சிமருந்தை முதல் நாள் காலை பத்து மணிக்குப் பெரிய அரங்கில் வையுங்கள், சாரையே பேசச் சொல்லுங்கள், ஸ்லைடு இல்லாமல். சார், உங்களுக்கும் ஒன்று: அடுத்த தடவை வரும்போது சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரிசார்ட்டில் அறை கிடைக்காவிட்டால் பரவாயில்லை, எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது.