அண்ணே, டேங்க் வழியுது!

எங்கள் வீட்டு ஏசியின் கழிவுக் குழாய் தெருப் பக்கம் தொங்குகிறது. அதிலிருந்து சொட்டும் தண்ணீர் தார் ரோட்டில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம் பண்ணும். சித்திரை வெயிலில் அந்த ஈரமும் நிலைக்காது. போன வாரம் எதிர்வீட்டு ஆச்சி அதன் பக்கத்தில் வந்து நின்றார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து எங்கள் மொட்டை மாடி டேங்கைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்து, "தம்பி வீட்டுல தண்ணி தாராளமா இருக்கு போல" என்றார்.

"ஆச்சி, அது ஏசித் தண்ணி."

"அட, ஏசிக்குந் தண்ணி ஊத்துறீகளா?"

காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுருளில் பட்டுத் தண்ணீராவதை விளக்க நான் வாயைத் திறப்பதற்குள் ஆச்சி வீட்டுக்குள் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது: ஊரே குடத்தோடு அலையும்போது இந்த மனுஷன் ஏசிக்குத் தண்ணி ஊற்றுகிறான். ஆச்சிக்குச் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதை நாலு பேர் அறியச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பிள்ளையார்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கற்பக விநாயகர், குடைவரைக் கோயில், வலம்புரித் தும்பிக்கை, எதிரே ஊருணி, அதில் கோபுரத்தின் நிழல் விழுகிற மாதிரி ஒரு போட்டோ, பிறகு காரைக்குடிக்குப் போய் மத்தியானச் சாப்பாடு. பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பார்வை கோபுரத்திலிருந்து மொட்டை மாடிகளுக்குத் தாவிவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் சம்பளம் எனக்குத் தெரியாது. அவருடைய டேங்க் ஆயிரம் லிட்டரா ஐந்நூறா, எத்தனை மணிக்கு மோட்டார் போடுகிறார், போர் முக்கி முனகி எவ்வளவு நேரத்தில் நிரப்புகிறது எல்லாம் தெரியும். என்னுடையது அவருக்கும் தெரியும்.

கீழே வேலை பார்ப்பவரை மிரட்ட, 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று அதிகாரிகள் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். அந்தக் காடு பழைய ராமநாதபுரம் மாவட்டம். நாங்கள் அதற்குள் இருந்தோம். 1985இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்; தண்ணியில்லாக் காடு ஒன்று இருந்தது மூன்றானது. பிறகு காவிரித் தண்ணீரைத் திருச்சிப் பக்கமிருந்து குழாய் போட்டு எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் வந்தது. ஆனாலும் கோடை வந்தால் தெருக்குழாய் முதலில் இருமும், அப்புறம் காற்று விடும், அப்புறம்தான் தண்ணீர் விடும். சில நாள் இருமலோடு சரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "அண்ணே, டேங்க் வழியுது!"

இதை ஒரு தகவல் என்று நினைப்பவர்கள் தனி வீட்டில், தோப்புக்கு நடுவில் குடியிருப்பவர்கள். தகவல் சொல்வதென்றால் போன் பண்ணலாம், கதவைத் தட்டலாம். இது வாசலில் நின்று, என் வீட்டைப் பார்த்தபடி, தெருவுக்குச் சொல்லப்படுவது. 'அண்ணே'யில் வரும் 'ணே'யை எவ்வளவு தூரம் இழுக்கிறார்கள் என்பதை வைத்து அந்த வருஷத்து மழையைக் கணக்கிடலாம். கார்த்திகையில் சின்ன 'ணே'. வைகாசியில் அது கோயில் வரைக்கும் போகும்.

கத்துவதற்கு ஒரு நேரமும் உண்டு. டேங்கிலிருந்து முதல் சொட்டு சுவரில் இறங்கும்போதே பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். கோடையில் மனிதக் காது நாயின் காதை மிஞ்சிவிடுகிறது. ஆனால் அப்போது கத்த மாட்டார். முதல் சொட்டில் கத்தினால் அது உதவி. சுவர் நனைந்து, சன்ஷேடில் தேங்கி, அங்கிருந்து தாரையாக விழுந்து, தெருவில் வாய்க்காலாகி இரண்டு வீடு தாண்டிய பிறகு கத்தினால் அது தீர்ப்பு. சாட்சிக்குத் தடயமும் இருக்கிறது.

கத்தல் ஒருவரோடு நிற்பதில்லை. முதலாமவர் கத்தியதை மூலை வீட்டு அம்மா வாங்கி அடுத்த தெருவுக்குக் கொடுப்பார். அங்கே டிவிஎஸ் பிப்டியில் போகிற ஒருவர் வண்டியை நிறுத்தாமலே, யார் வீட்டு டேங்க் என்று தெரியாமலே, "டேங்க் வழியுதுப்பா!" என்று போகிற வழியெல்லாம் போட்டுவிட்டுப் போவார். நாலு வீட்டில் ஆள் ஓடிப்போய் மோட்டாரை அமத்துவார்கள். அதில் மூன்று வீட்டில் டேங்க் பாதிகூட நிரம்பியிருக்காது. மறுநாள் காலையில் உடம்பெல்லாம் சோப்போடு ஒருவர் குளியலறைக்குள் நின்று குழாயைத் திருகி, டிவிஎஸ் பிப்டிக்காரரின் குலத்தை விசாரிப்பார்.

வீட்டுக்குள் நடப்பது தனிக் கதை. மோட்டார் போட்டது யார்? எந்த வீட்டிலும் யாரும் போட்டதில்லை. "நீங்கதானே போட்டீக", "நான் அப்பவே அமத்தச் சொன்னேன்", "பய போட்டிருப்பான்." பயல் காலேஜ் சேர்ந்து கோயம்புத்தூர் போய் வருஷமாகிறது. இதற்கிடையில் சுவிட்சை நோக்கி ஓட வேண்டும். மோட்டார் சுவிட்சை எலக்ட்ரீஷியன்கள் ஏதோ பந்தயம் கட்டி வைக்கிறார்கள் போல: ஸ்கூட்டருக்குப் பின்னால், ஏணிக்கு அந்தப் பக்கம், அரிசி மூட்டைக்கு மேல், எட்டாத உயரத்தில்.

அமத்தியதும் முடிந்ததா? இல்லை. டேங்கின் கழுத்து வரை ஏறிய தண்ணீர் கொஞ்ச நேரம் வழிந்துகொண்டேதான் இருக்கும். அந்த நேரம் முழுக்க வீட்டுக்காரர் மொட்டை மாடியில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்க வேண்டும். நின்றுகொண்டு, "அமத்தியாச்சு, அமத்தியாச்சு!" என்று கிழக்கே ஒருதரம், தெற்கே ஒருதரம், குருக்கள் தீபாராதனை காட்டுகிற மாதிரி எல்லாத் திசைக்கும் காட்ட வேண்டும். தெரு ஒற்றிக்கொண்ட பிறகுதான் கீழே இறங்கலாம்.

பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் வேலிச் சண்டையால் வெகுகாலமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பம் உண்டு. ஒரு வீட்டு டேங்க் வழிந்தால் மற்ற வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, வானத்தைப் பார்த்து, "யார் வீட்டுதோ வழியுது" என்பார். அந்த வீட்டுக்காரர் உள்ளேயிருந்தே, யாருக்கும் பதில் சொல்லாத தோரணையில், "யார் வீட்டுதோ அமத்தியாச்சு" என்பார். கோர்ட்டால் முடியாததைச் சின்டெக்ஸ் டேங்க் பாதியாவது முடித்திருக்கிறது.

மேலத் தெருவில் ஒருவர் இந்த அவமானமே வேண்டாமென்று பேசுகிற அலாரம் வாங்கிப் பொருத்தினார். டேங்க் நிரம்பியதும் ஒரு பெண்குரல் இங்கிலீஷிலும் இந்தியிலும் தமிழிலும் மாறி மாறி அறிவிக்கும். விடிகாலையில் அது அறிவித்தால் தெருவில் எல்லோருக்கும் கேட்கிறது, அவர்கள் வீட்டில் மட்டும் கேட்பதில்லை. ஆகவே நாங்கள் இப்போது, "அண்ணே, உங்க மெஷின் கத்துது!" என்று கத்துகிறோம். இன்னொரு வீட்டில் தானே நின்றுவிடும் ஆட்டோமேட்டிக் போட்டார்கள். அந்த டேங்க் வழிந்ததே இல்லை. அது தெருவுக்குப் பிடிக்கவில்லை. "அவுக வீட்டு டேங்க் வழியவே மாட்டேங்குதே" என்று சந்தேகமாகப் பேசிக்கொள்கிறார்கள். நானும்தான். அடுத்த வீட்டு டேங்க் வழியும்போது முதல் ஆளாகக் கத்துவதில் இருக்கிற திருப்தி கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறவருக்குக்கூட இருக்குமா தெரியவில்லை.

ஆச்சிக்கு வைத்திருக்கும் பதிலுக்கு வருகிறேன்.

வழிகிற டேங்க் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். அதனால் அது குற்றம். பழைய மாடல் ஃபிளஷ் டேங்க் ஒரு இழுப்புக்குப் பத்து லிட்டர் வரை கொண்டுபோகும். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். "அண்ணே, ரெண்டாவது தரம் இழுத்துட்டீக!" என்று யாராவது கத்தியிருக்கிறார்களா? ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது. ஒரு லிட்டர் குடிக்கக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று லிட்டரைச் சத்தமில்லாமல் சாக்கடைக்கு அனுப்பும். உப்பு அவ்வளவாக இல்லாத, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கரைதிடம் உள்ள தண்ணீருக்கு இந்த மெஷின் கூடாது, தடை செய்யுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019லேயே சொல்லியாயிற்று. எங்கள் தெருவில் அதை மாட்டாத வீட்டைப் பெண் கேட்டுப் போனவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அந்த மெல்லிய வெள்ளைக் குழாய் அடுப்படித் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஆகவே பாவம் இல்லை.

வாசல் தெளிப்பதும் பாவக் கணக்கில் வராது. விடியுமுன் வாளித் தண்ணீர் தெளித்துக் கூட்டிக் கோலம் போட வேண்டும். இந்தக் கோடையில் எங்கள் வீட்டில் அது ஒரு செம்புக்கு இறங்கி, விரலால் உதறுவது வரை வந்துவிட்டது. காய்ந்த மண்ணில் கோலமாவு பிடிப்பதில்லை. பத்து மணிக் காற்றில் எங்கள் வீட்டுச் சிக்குக்கோலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிருக்கும். ஆச்சி வீட்டில் திண்ணை, முகப்பு, படி, தெருவில் பாதி எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் வாளி வாளியாகப் போகிறது. அது மங்களம். என் ஏசி சொட்டியது ஊதாரித்தனம்.

இத்தனைக்கும் ஆச்சி வீடு தண்ணீரை மதித்துக் கட்டிய வீடு. நாலு பக்க ஓட்டுச் சரிவும் நடு வளவுக்குள் மழையைக் கொட்டும். மூலைகளில் அண்டாவும் தவலையும் வைத்துப் பிடிப்பார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் கப்பலில் வரவழைத்தவர்கள், கூரையில் விழுந்த மழையை மட்டும் விட மனசில்லாமல் இருந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003இல். செட்டிநாட்டு வளவுகள் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே அதைச் செய்துகொண்டிருந்தன. இப்போது குரங்குத் தொல்லை என்று வளவுக்கு மேல் கம்பி போட்டு, கம்பிக்கு மேல் ஷீட் போட்டு, மழை நேராகத் தெருவுக்குப் போகிறது. அதைப் பார்த்து யாரும் "ஆச்சி, கூரை வழியுது!" என்று கத்துவதில்லை.

பக்கத்து வீட்டைக் கவனிக்கும் இந்த வேலையும் பரம்பரைச் சொத்துதான். இந்தப் பக்கத்து ஊர்களில் குடிக்கிற ஊருணி வேறு, குளிக்கிற ஊருணி வேறு. குடிக்கிற ஊருணியில் ஒரு பயல் காலை நனைத்தால், அவன் வீடு போய்ச் சேருமுன் புகார் போய்ச் சேர்ந்துவிடும். வெளிநாட்டுக்காரர்களுக்கு இதற்கும் கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 2018இல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று வரம்பு வைத்தார்கள். எந்த வீடு சிக்கனமாக இருக்கிறது என்று நகர வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைத்து, ஊரே பார்க்கும்படி வெளியிட்டார்கள். புள்ளி இல்லாத வீட்டுக்காரர் மறுநாள் தெருவில் எப்படி நடந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். எங்களுக்கு வரைபடம் எதற்கு? ஆச்சி இருக்கிறார்.

2019 கோடையில் சென்னை வறண்டபோது அங்கிருந்த சொந்தக்காரர்கள் குடும்பத்தோடு இங்கே வந்து இறங்கினார்கள். தண்ணியில்லாக் காட்டுக்குக் குளிக்க வந்தவர்கள் சரித்திரத்திலேயே அவர்கள்தான். நாளைக்கு இரண்டு வேளை, தலைக்கு. பக்கத்து வீட்டார் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "விருந்தாளிக எப்பப் போறாக?" என்று பாசமாக விசாரித்தார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் தெருவே அந்தச் செய்தியை நிம்மதியோடு படித்தது.

ஆச்சிக்கான பதில் நீளும். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று. 1976இல் இங்கிலாந்தில் கடும் வறட்சி. மனைவியோடு சேர்ந்து குளியுங்கள் என்கிற அளவுக்கு யோசனைகள் வந்தன. ஆகஸ்ட் கடைசியில் டெனிஸ் ஹோவல் என்பவரை வறட்சிக்கென்றே தனி அமைச்சராகப் போட்டார்கள். போட்ட சில நாளில் கொட்டோ கொட்டென்று மழை கொட்டி, அவரை வெள்ளத்துக்கும் பொறுப்பாக்க வேண்டியதாயிற்று. நாம் கழுதைக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிறோம், தவளைக்கும் பண்ணிவைக்கிறோம். ஆள் நியமனம் பண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே ஊராட்சியின் மேலான கவனத்துக்கு: எங்கள் தெருவுக்கு ஒரு வறட்சி அமைச்சரை உடனே நியமிக்க வேண்டும். சம்பளம் வேண்டாம், வண்டி வேண்டாம், நானே இருக்கத் தயார். ஆடிக்குள் ஆர்டர் வந்தால் நல்லது. ஆவணியில் சதுர்த்தித் திருவிழா. வீட்டுக்கு வீடு விருந்தாளி வந்து இறங்கிவிடுவார்கள்.