குண்டூசிக்குப் பூட்டு, மூட்டைக்குத் தெரு

வாடா பேராண்டி, உக்காரு. என்ன மூஞ்சி தொங்குது? ஆபீஸ் நெட்டு குருப்பெயர்ச்சி அன்னைக்கு நம்ம பாடி வலிதாயம் கோயில் வரிசை மாதிரி நகர மாட்டேங்குதா? 'ஸ்குவிட் போட்டுட்டேன் தாத்தா, 500 ஜிபி ஒதுக்கிட்டேன்'னு போன மாசம் மார் தட்டினியே!

ஒருத்தன் இறக்கினதை எடுத்து வச்சு அடுத்தவனுக்குக் கொடுக்குற அந்த ஸ்குவிட் 1996-ல வந்த சாமான், வயசுல உனக்கு அண்ணன். அப்பவே நான் அம்பத்தூர் எஸ்டேட்டுல ஸ்டோர் கீப்பர். ஒரே சைஸ் பேரிங்குக்குப் பத்து பேர் வந்தா, பத்து தடவையும் பாரிமுனைக்கு ஆள் அனுப்புறவனை என்னன்னு கூப்பிடுவோம் தெரியுமா? வேணாம், டீ ஆறுது.

லாக்கைக் காட்டு. ஒரே உபுண்டு ஃபர்ம்வேர் பாக்கேஜ், சில நூறு எம்பி. பன்னெண்டு சிஸ்டம் கேட்டிருக்கு, பன்னெண்டு வரியிலயும் 'டிசிபி மிஸ்', அதாவது ஸ்டோர்ல இல்லாம வெளிய போய் வாங்கினது. ஏன்? 'மேக்ஸிமம் ஆப்ஜெக்ட் சைஸ்'னு ஒரு வரி இருக்கு. நீ எழுதலேன்னா அது தானா 4 எம்பின்னு வச்சுக்கும். குண்டூசியெல்லாம் பீரோவுல பூட்டிட்டு, அரிசி மூட்டையைத் தெருவுல விட்டிருக்கே, சமத்து!

2 ஜிபின்னு எழுது. ஆனா ரேக்கு போடுற 'கேஷ் டிர்' வரிக்கு மேல எழுது. கீழ எழுதினா, ரேக்கு அடிச்சு முடிச்ச ஆசாரிகிட்ட அளவு சொன்ன கதைதான்.

இன்னொண்ணு. ஒருத்தன் பாதியில கேன்சல் அடிச்சான்னு வையி, பாக்கி 16 கேபிக்கு மேல இருந்தா ஸ்குவிட்டும் கையைக் கழுவிடும். 'குவிக் அபார்ட் மின்'னுக்கு மைனஸ் 1 கொடுத்தா முழுசா இழுத்து வச்சுக்கும். எவனாவது சினிமாவை அழுத்திட்டு ஓடிட்டாலும் இழுக்கும்டா, பாத்துக்க.

எச்டிடிபிஎஸ்ல வர்றது சீல் வச்ச பொட்டி. உள்ள என்ன இருக்குன்னே தெரியாம எந்த ரேக்குல அடுக்குவே? சீலை உடைக்க வழி இருக்கு; எல்லா சிஸ்டத்துலயும் உன் சர்டிபிகேட்டை ஏத்தணும். அப்புறம் கேஷியரோட பேங்க் பாஸ்வேர்டும் உன் மடியில வந்து விழும். தேவையா? உபுண்டு பாக்கேஜ் சாதா எச்டிடிபியிலயே வருது. கையெழுத்து போட்டு வர்றதால நடுவுல எவன் கை வச்சாலும் தெரிஞ்சிடும். அதை மட்டும் அடுக்கு, போதும்.

நாளைக்கு ரெண்டாவது வரியில 'ஹிட்'னு விழுந்தா டீக்காசு உன்னோடது. விழலேன்னாலும் உன்னோடதுதான், நான் பிஎஃப் பென்ஷன்காரன்.