ஓர் அண்டாவுக்கு 22 லட்சம் வாடகை வாங்குவது எப்படி?

வாடகைப் பாத்திரக் கடைக்கு எக்ஸெல் வந்துவிட்டதா? முதல் வேலையாக, 'போன தேதி' கட்டத்தை நிரப்பாமல் விடுங்கள். முகூர்த்த நாளில் இதற்குத் தனி முயற்சி தேவையில்லை. வண்டியில் அண்டா ஏறும், தாம்பாளம் ஏறும், ஜல்லிக் கரண்டி ஏறும். தேதி மட்டும் "அப்புறம் போட்டுக்கலாம்ணே" என்று நின்றுவிடும்.

அண்டா 12-02-2025 அன்று திரும்பி வந்ததாக வைத்துக்கொள்வோம். வந்த தேதியிலிருந்து போன தேதியைக் கழித்தால் 45,700 நாள். நாளுக்கு 50 ரூபாய் வீதம் 22,85,000 ரூபாய். மிரளாமல் பில் போடுங்கள். எக்ஸெல்லுக்குத் தேதி என்பது வெறும் எண். 1900 ஜனவரி 1 அதற்கு ஒன்று. காலிக் கட்டம் பூஜ்யம். 'தெரியலைங்க' என்று சொல்லி அதற்குப் பழக்கமில்லை.

இதில் ஓர் உபரி வரும்படியும் உண்டு. 1900 லீப் வருடம் இல்லை. ஆனால் லோட்டஸ் 1-2-3 அப்படி எண்ணிவிட்டது. அதோடு ஒத்துப்போவதற்காக எக்ஸெல்லும் அந்தப் பிசகை அப்படியே வைத்துக்கொண்டது. ஆகவே, நம்மூர்க் காலண்டரில் யாருமே கிழித்திராத 1900 பிப்ரவரி 29-க்கும் ஐம்பது ரூபாய் வாங்கிவிடலாம்.

'வந்த தேதி' காலியாக இருந்தால் கணக்கு தலைகீழ்: நாம்தான் கல்யாண வீட்டுக்கு லட்சக்கணக்கில் பாக்கி. விடைக் கட்டம் தேதி வடிவில் இருந்தால் எண்ணே தெரியாது. வேலி போட்டதுபோல் ஹேஷ் குறிகள் நிற்கும். பத்தியை அகலமாக்கிக்கொண்டே போங்கள். வேலியும் கூடவே நீளும். பெரிய மானிட்டர் வாங்கலாம்.

கட்டத்தை அழிக்க ஸ்பேஸ் பாரைத் தட்டும் தம்பி ஒருவரைக் கட்டாயம் வேலைக்கு வையுங்கள். பார்வைக்குக் காலி, உள்ளே ஓர் இடைவெளி. இப்போது பூஜ்யம்கூட இல்லை, 'வேல்யூ' பிழை. காலியா என்று சோதித்தாலும் சிக்காது.

இதெல்லாம் வேண்டாம் என்கிற பிடிவாதக்காரர்கள், போன தேதி பி2-விலும் வந்த தேதி சி2-விலும் இருந்தால், =இஃப்(கவுன்ட்(பி2:சி2)=2, சி2-பி2, "") என்று எழுதிக்கொள்வார்கள். கவுன்ட் எண்களை மட்டுமே எண்ணும். இரண்டு தேதியும் இருந்தால்தான் கழிக்கும். இஃப்எரர் போட்டு மூடப் பார்ப்பவர்களுக்கு என் அனுதாபம்: 45,700 எக்ஸெல் கணக்கில் பிழையே அல்ல.

நான் இன்னும் கெட்டிக்காரன். வந்த தேதி இல்லையென்றால் பாத்திரம் இன்னும் வெளியே இருக்கிறது என்று முடிவுகட்டி, அந்த இடத்தில் டுடே போட்டேன். ஒரு ஜல்லிக் கரண்டிக்குத் தினமும் நாள் ஏறிக்கொண்டிருக்கிறது, நேற்று 212. கல்யாண வீட்டுக்காரருக்கு மூன்று முறை போன் செய்துவிட்டேன். கரண்டி என் கம்ப்யூட்டருக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.