கொல்லைக் காய்கறியும் அதன் பங்காளிகளும்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் கத்தரி, வெண்டை, அவரை, புடல், பாகல், தக்காளி எல்லாம் பெரும்பாலும் ஆடிப்பட்டத்தில் விதைக்கப்படுகின்றன. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கடைமடை வரை வருமா என்று ஊரே கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, கொல்லை வைத்திருப்பவர் மட்டும் கிணற்றடித் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பிவிட்டு நிம்மதியாக இருப்பார். முதல் பிஞ்சு விடும்வரை அந்த நிம்மதி நீடிக்கும். அதன் பிறகு வருகிறவர்களைப் பறவை, விலங்கு, பூச்சி, மனிதர் என நான்காகப் பிரிக்கலாம்.

பறவைகளில் முக்கியமானவை கிளி, மைனா, காகம், மயில். கிளி தின்பது கொஞ்சம், கொத்தி எறிவது அதிகம். காகம், முளைத்து இரண்டு இலை விட்ட கன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் அங்கேயே போட்டுவிட்டுப் போகும். இதே காகத்தைத்தான் அமாவாசையன்று மாடிச் சுவரில் சோறு வைத்து, வரத் தாமதமானால் முன்னோருக்கு என்ன கோபமோ என்று பதறி, தொண்டை வற்றக் கூப்பிடுகிறார்கள். அழைத்த வாயே கால் மணி நேரத்தில் ‘ச்சூ’ என்று விரட்டுவதை எந்தக் காகமும் மதிப்பதில்லை. மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் அதற்கு இடம் உண்டு. எனவே அது பாத்தியில் இறங்கினால் கைதட்டலாம். அதையும் கொஞ்சம் மரியாதையாகத் தட்டுவது நல்லது.

விலங்குகளில் அணில், எலி, பெருச்சாளி, குரங்கு வரும். இவற்றுள் அணிலே கொடியது. அது ஒரு பழத்தை முழுதாகத் தின்பதில்லை. நாளைக்குப் பறிக்கலாம் என்று விட்டுவைத்த தக்காளியில், சிவந்த பக்கத்தை மட்டும் கரண்டியால் வழித்தாற்போல் எடுத்துக்கொண்டு, மீதியைக் காம்போடு செடியிலேயே விட்டுவைக்கும். முன்பக்கம் நின்று பார்ப்பவருக்குப் பழம் முழுசாகத் தெரியும். சென்ற வாரம்கூட அப்படித்தான் தெரிந்தது. அணிலைத் தடுக்க உறுதியான வழி ஒன்று உண்டு. அதைச் சொல்லும் முன், காவிரிக்கரையில் எந்த வழியும் ஏன் எளிதில் பலிப்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காரணம் தலபுராணங்களில் இருக்கிறது. மயிலாடுதுறையில் அம்பிகையே மயில் உருவில் சிவனை வழிபட்டாள். ஆகவே மயிலை ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆடுதுறையில் சுக்ரீவனும், காவிரிக்கு வடக்கே வடகுரங்காடுதுறையில் வாலியும் வழிபட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் கரை பிரிக்கும் வேலை அப்போதே முடிந்துவிட்டது. அதே ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் ஊர் பெயரிலேயே ரகம் ரகமாக நெல் வெளியிட்டிருக்கிறது. சுக்ரீவன் வகையறாவுக்குப் பிடிக்காத கத்தரி ரகம் ஒன்றும் அங்கிருந்து வரவில்லை. வேதாரண்யத்தில் விளக்கு நெய்யைக் குடிக்கப் போன எலி, மங்கிய திரியைத் தெரியாமல் தூண்டிவிட்டது. அந்தப் புண்ணியத்தில் மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தி ஆனது. நெய் திருடப் போன இடத்தில் மூன்று உலகம் கிடைத்த வம்சத்துக்கு, ஒரு பாத்தி சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்பது பதவி இறக்கம்.

வரப்பில் வளை தோண்டித் தண்ணீரை வடித்துவிடும் நண்டுக்குக் கும்பகோணம் பக்கம் திருந்துதேவன்குடி. நண்டாங்கோயில் என்று கேட்டால் வழி சொல்வார்கள். எறும்புக்குத் திருவெறும்பூர், அங்கே எறும்பாக வந்தவர்கள் தேவர்கள். ஈங்கோய்மலையில் அகத்தியர் ஈ வடிவில் போய் வழிபட்டார். பிஞ்சுப் பாகலுக்குள் முட்டையிடும் பழ ஈயை அடிக்கக் கை ஓங்குபவருக்கு, முனிவராக இருக்குமோ என்ற தயக்கம் வந்தே தீரும். குரங்கு, அணில், காகம் மூன்றும் தனித்தனியாக வந்தால் நேரமாகும் என்று செய்யாறு பக்கம் குரங்கணில்முட்டத்தில் சேர்ந்தே வழிபட்டிருக்கின்றன. சுவாமிமலையில் முருகன் சந்நிதி முன் மயில் நிற்கும் இடத்தில் யானை நிற்கிறது. புராணம் அதற்கு இந்திரனைக் காரணம் காட்டும்; கொல்லை வைத்திருப்பவர்களுக்கு வேறு காரணம் தோன்றும். கிளி ஆண்டாளின் கையில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கிளியை நாள்தோறும் இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் மிளகாயைத் தொடாத கிளி அது ஒன்றுதான்.

திருவானைக்காவின் கதை இன்னும் மோசம். அங்கே சிலந்தி லிங்கத்துக்கு மேல் பந்தல் பின்ன, யானை அதைக் கலைத்துக்கொண்டே இருந்தது. அந்தச் சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகி, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது. ஒரு பிராணியைத் தடுக்கத் தடுப்புக் கட்டி முழுதாக வென்றவர் இவ்வட்டாரத்தில் அவர் ஒருவரே. அவரும் போன பிறவியில் எட்டுக்கால் பூச்சி. விளைந்ததைக் காத்ததற்காக முக்தி பெற்ற மனிதர் யாரும் இந்தப் பட்டியலில் இல்லை. இளையான்குடி மாற நாயனாரைச் சொல்லலாம் என்றால், அவர் அடியார் பசிக்காக விதைத்த நெல்லை மழை இரவில் வாரி எடுத்து, கொல்லைப் பயிரையும் பிடுங்கிக் கறி சமைத்தவர். முக்தி அதற்குத்தான்.

பூச்சிகளுக்கு இவ்வளவு பெருமை இல்லை, எண்ணிக்கை உண்டு. அவரைக் கொழுந்தில் கறுப்பாக அப்பிக்கொள்ளும் அசுவினி, சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை விடும். அந்த இனிப்புக்காக எறும்பு அதை மேய்த்துக் காவல் காக்கும். எறும்புக்கு உணவாகட்டும் என்றுதான் வாசலில் அரிசிமாக் கோலம் போடப்படுகிறது. வாசலில் சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் வேலைக்குப் போகிறது எறும்பு. கத்தரியைக் காய்ப்புழு துளைக்கிறது. அதற்கென்று மரபணு மாற்றிய கத்தரியை உருவாக்கினார்கள். 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. புழுவை யாரும் நிறுத்திவைக்கவில்லை. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது அடங்கியது. இந்தப் பட்டியலில் வென்றது அந்தக் குளவி மட்டுமே. அது உள்ளூரில் எந்தத் தலபுராணமும் கேட்டதில்லை.

இனி தடுப்பு முறைகள். வைக்கோல் பொம்மை முதல் இரண்டு நாள் பயமுறுத்தும். மூன்றாம் நாள் மைனா அதன் தோளில் உட்காரும். பழைய சி.டி.க்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். இவை பெரும்பாலும் கல்யாண வீடியோக்கள். மணமக்களே பார்க்காத அவற்றைக் காகம் கழுத்தைச் சாய்த்துக் கவனமாகப் பார்க்கும். நைலான் வலை பறவையைத் தடுக்கும். பறிக்கப் போகும் வீட்டுக்காரரின் சட்டைப் பொத்தானையும் தடுக்கும். பழைய புடவையை வேலியாகக் கட்டலாம். எது பழைய புடவை என்பதில் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்த பிறகு கட்டுவது உத்தமம். வேப்பெண்ணெயை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வீதம், சோப்புக் கரைசல் சேர்த்துக் கலக்கி மாலையில் தெளித்தால் அசுவினி குறையும். அன்றிரவு மழை பெய்தால் மறுநாள் மறுபடி தெளிக்க வேண்டும். தெளித்த இரவில் மழை பெய்யும்.

எலிக்கு இவ்வட்டாரத்தின் சொந்தக் கருவி தஞ்சாவூர் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து நாண் பூட்டி, இரை வைத்து, மாலையில் ஊன்றி விடியலில் எடுப்பார்கள். விழுந்த எலிக்கு இத்தனை என்று கூலி. எலிக்கு இயற்கை எதிரி கூகை. அது உட்கார வயலில் குச்சி நட்டு வைக்கும்படி வேளாண் துறை சொல்கிறது. வீட்டுப் பக்கம் வந்து அது ஒரு குரல் கொடுத்தால், யாருக்குச் சீட்டுக் கிழியப்போகிறதோ என்று அஞ்சி, கல்லெடுத்து விரட்டிவிட்டு, மறுநாள் எலி மருந்து வாங்கக் கடைக்குப் போகிறார்கள்.

நான்காம் வகை மனிதர். இவர்களுக்கு மேற்கண்ட எதுவும் பயன்படாது. பூஜைக்குச் செம்பருத்தி பறிக்க விடியுமுன் துரட்டியோடு வரும் பக்கத்து வீட்டு மாமி, போகிற போக்கில் நேராக வளரட்டும் என்று நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்த புடலங்காயையும் எடுத்துக்கொள்வார். கல்லை மட்டும் திண்ணையில் பத்திரமாக வைத்துவிட்டுப் போவார். மதியம் அதே புடலங்காய் ஒரு கிண்ணம் கூட்டாகத் திரும்பி வரும்; உப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும். நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தர வேண்டும். வெறும் கிண்ணமாகத் தரக்கூடாது என்பதால், அதில் நாலு வெண்டைக்காய் போட்டுத் தருவது வழக்கம்.