பந்தி எழுந்தால் எம்.பி. மாறுவார்

கேள்வி: வேல்ஸில் பிரெக்கன் – ராட்னர்ஷைர் தொகுதி மக்கள் ஏன் இப்படிக் கட்சி தாவுகிறார்கள்?

பதில்: தாவுவது மக்களைவிடக் கணக்குதான். மனிதர்களைவிடச் செம்மறியாடுகள் அதிகமுள்ள அந்த மலைநாட்டை 1939 முதல் 1979 வரை லேபர் வைத்திருந்தது, பிறகு கன்சர்வேட்டிவ். 1985 இடைத்தேர்தலில் லிபரலான ரிச்சர்ட் லிவ்சி 559 வாக்கில் வென்றார். 1987இல் 56 வாக்கில் தப்பினார். 1992இல் 130 வாக்கில் தோற்றார். ஒரு கல்யாணப் பந்தி மனம் மாறினால் எம்.பி.யே மாறிவிடுவார்! 2019 ஆகஸ்ட் இடைத்தேர்தலில் லிபரல் டெமாக்ரட் ஜேன் டாட்ஸ் 1,425 வாக்கில் ஜெயித்தார். வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியும் பசுமைக் கட்சியும் அவருக்கு வழிவிட்டிருந்தன. எதிரே கன்சர்வேட்டிவ் பக்கத்தில் பிரெக்சிட் கட்சி 3,331 வாக்குகளைப் பிரித்திருந்தது. டிசம்பரில் அந்தக் கட்சி அங்கே நிற்கவில்லை. கன்சர்வேட்டிவ் 7,131 வித்தியாசத்தில் மீட்டது. நான்கே மாதத்தில் ஊரே மனம் மாறிவிட்டதென்றா நம்புவது? ‘நாற்பதாண்டு லேபர் கோட்டை சரிந்தது மனமாற்றம் இல்லையா?’ என்பீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன், தெற்கே சுரங்கங்கள் போனதும் அந்த வாக்கும் கரைந்தது. மீதி, தன் கட்சி ஜெயிக்காதென்று தெரிந்தவர்கள் பிடிக்காத கட்சியைத் தோற்கடிக்கப் போட்ட ஓட்டு. 2019 இடைத்தேர்தலில் லேபருக்குக் கிடைத்தது 1,680. எல்லை மாறிய தொகுதியில் 2024இல் லிபரல் டெமாக்ரட் மறுபடி வென்றது, 1,472 வாக்கில்.