எட்டே நிமிஷம்

பிள்ளை கையிலிருந்த போனை, "என்ன விளையாட்டுடா இது, கண்டதையும் ஆடாதே, நான் பார்த்துச் சொல்றேன்" என்று வாங்கிக்கொண்ட அப்பாக்களைச் சொல்கிறேன். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்னும் சொல்லவில்லை.

ராப்ளாக்ஸ் என்ற ஆன்லைன் விளையாட்டுத் தளத்தில் 'டவர் ஆஃப் ஹெல்' என்று ஒரு ஆட்டம். 2018இல் வந்தது. துப்பாக்கி இல்லை, வில்லன் இல்லை, கதை என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு கோபுரம், அடியிலிருந்து உச்சிக்கு ஏற வேண்டும். வழியில் ஒற்றைக் கால் வைக்க மட்டும் இடம் தரும் கட்டைகள், சுற்றிக்கொண்டே இருக்கும் தண்டுகள், தொட்டால் ஆளைக் காலி செய்துவிடும் பளபள கட்டங்கள். கால் தவறினால் தரைதான். பாதியிலிருந்து தொடர செக்பாயின்ட் கிடையாது. எட்டு நிமிடம் ஆனதும் அந்தக் கோபுரம் போய், வேறு அடுக்குகளோடு இன்னொன்று வந்து நிற்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

அந்த எட்டு நிமிடத்தைத்தான் இவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். "சாப்பிட வாங்க" என்றால் "எட்டே நிமிஷம்." அது பொய் என்றாலாவது சண்டை போடலாம். சொன்னபடி எட்டாவது நிமிடத்தில் ஆட்டம் முடிந்துதான் போகிறது. போனைத் திருப்பி, "பாத்தியா, முடிஞ்சிடுச்சு" என்று காட்டவும் செய்வார்கள். காட்டுகிற நேரத்தில் அடுத்த கோபுரம் வந்து நிற்கும். "அடடா, ஆரம்பிச்சிடுச்சே!" என்று ஒரு பதற்றம். தானாக ஆரம்பித்ததற்கு அவர் என்ன செய்வார், பாவம்! மறுபடி எட்டே நிமிஷம். ரசத்தைச் சுடவைத்து இறக்கி, சுடவைத்து இறக்கி, பூண்டு கரைந்தே போய்விட்டது.

"கொஞ்சம் நிறுத்திட்டு வாங்களேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். "நிறுத்த முடியாதும்மா, ஆன்லைன். மத்தவங்களும் ஆடுறாங்க இல்ல?" மற்றவர்கள் யார்? எந்த நாட்டிலோ, ஸ்கூல் பையைக்கூட இறக்கிவைக்காத ஏதோ ஒரு பத்து வயசுப் பிள்ளை. அதற்கு இருக்கிற மரியாதை, அடுப்படியில் கரண்டியோடு நிற்கிறவளுக்கு இல்லை. (குறிப்பாக யாரையும் சொல்லவில்லை.)

அந்தப் பத்து வயசு சும்மாவும் இருக்காது. யாராவது ஒருவர் உச்சியைத் தொட்டுவிட்டால், கீழே தொங்கிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்குக் கடிகாரம் வேகமெடுக்கும். "எவனோ ஏறித் தொலைச்சிட்டான்!" என்று கூடத்திலிருந்து ஒரு அலறல் வரும். ஆட்டம் எட்டு நிமிடத்துக்கு முன்பே முடிந்துவிடும். அப்பாடா என்று தட்டை எடுத்து வைத்தால், இவர் கணக்குக் கேட்கிறார்: "எட்டு நிமிஷம்னுதானே சொன்னேன்? பாக்கி இருக்கில்ல, அதுக்கு ஒரு ஆட்டம்."

தாவும்போது சோபாவிலிருந்து உடம்பையும் ஒரு சாண் தூக்குவது, விழுந்ததும் வைஃபையைத் திட்டுவது, பையனே சொல்லிக்கொடுக்க வந்தால் "எனக்குத் தெரியும், நீ போய்ப் படி" என்பது, இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே விழுந்தால், ஏன் விழுந்தோம் என்று கண்ணுக்கு நேரே தெரிகிறது. அரை நொடி முந்தித் தாவிவிட்டார், அவ்வளவுதான். அடுத்த தடவை அந்த அரை நொடியைச் சரிசெய்துகொள்ளலாம். ஆபீசில் இத்தனை வருஷமாக புரமோஷன் ஏன் தள்ளிப்போகிறது என்று யாரும் அவருக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. போன ஆட்டத்தில் ஏறிப் பழகிய அடுக்கு புதுக் கோபுரத்தில் மறுபடி வந்தால், "இவன எனக்குத் தெரியும்" என்று முகம் மலரும். அந்த முகத்தைப் பார்த்தால் திட்ட வந்தது கொஞ்சம் மறந்துதான் போகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த பையனை வாசலில் நிறுத்தி, "எட்டே நிமிஷம் தம்பி" என்றால் அவன் நிற்பானா? போய்விட்டான். மறுநாள் நான்தான் ஏஜென்சிக்கு போன் போட்டுக் கெஞ்சினேன்.

நேற்று இவர் உச்சிக்கே போய்விட்டார். போனால் காசு தருவார்களாம், அந்த விளையாட்டுக் காசு. சேர்த்து வைத்திருந்ததையும் போட்டு, அந்த ஆட்டத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் புவியீர்ப்பு குறைவதுபோல் ஏதோ வாங்கிவிட்டார். எல்லாரும் மிதந்து மிதந்து தாவினார்கள். "பாவம், சின்னப் பசங்க, ஏறட்டுமே" என்றார். முகம் தெரியாத பிள்ளைகளுக்காகப் பூமியின் இழுவிசையையே குறைத்துவிட்ட மனிதரிடம், மழை வருகிறது, மொட்டை மாடியில் காயும் துணியை எடுத்து வாருங்கள் என்று சொன்னேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மழை எட்டு நிமிடமெல்லாம் காத்திருக்கவில்லை. அவருடைய ஆபீஸ் சட்டை ஐந்தும் நனைந்துவிட்டது.