எழுதுவது எப்படி? அச்சேறுவது எங்கே?

சென்னையை அடுத்த நெமிலிச்சேரியில் எழுத்துக்கு மவுசு இல்லை என்று யார் சொன்னது? வெளிவட்டச் சாலை வந்தாலும் வந்தது, காலைப் பேப்பரை உதறினால் மனை விற்பனை நோட்டீஸ் விழுகிறது. ‘ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிட நடை’ என்கிற புனைவுக்கு வழவழ தாள், நாலு வண்ணம், உடனடிக் காசு.

‘சிறுகதை எழுதுவது எப்படி’ என்று கட்டுரை எழுதுகிறவருக்குத்தான் இடமில்லை. வார இதழில் அந்தப் பக்கத்தை ராசிபலன் வளைத்துப் போட்டுவிட்டது. சிற்றிதழ் போடும், கூடவே, “ஆண்டுச் சந்தா கட்டிவிட்டீர்களா?” என்று கேட்கும். நம்மவருக்கு உடனே வேறு வேலை வந்துவிடும்.

எழுத்தாளர் சி.சு. செல்லப்பா இதற்கு 1959இலேயே வழி கண்டார். விமர்சனத்துக்கு இடமில்லையா? ‘எழுத்து’ என்று சொந்தமாகவே பத்திரிகை தொடங்கினார். 1970 வரை தாக்குப்பிடித்தார். புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். ஆசிரியர், பதிப்பாளர், சுமைகூலி எல்லாம் ஒருவரே.

அந்த முதுகு நமக்கு இல்லை. ஆகவே, எழுத்தைப் பற்றி எழுதத் துடிக்கும் நண்பரே, முதலில் இரண்டு சிற்றிதழ்களுக்காவது சந்தா கட்டுங்கள். அவை உயிரோடு இருந்தால்தானே உங்கள் கட்டுரையைத் திருப்பியாவது அனுப்பும்!